வாழை... மரமா, தரையா?

மண்ணைக் கடைசியா எப்போ தொட்டீங்க மக்களே? செருப்புல ஒட்டினது, பைக்ல இருந்து விழுந்தப்ப முழங்கையில அப்பினது எல்லாம் கணக்குல சேராது. நீங்களா விரும்பி, கையால, எப்போ?

நான் சிவில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். அதனால என்கிட்ட பதில் ரெடி. 'சாயில் மெக்கானிக்ஸ் லேப்'! மண்ணைச் சல்லடையில சலிச்சு, அவன்ல காயவெச்சு, கிராம் கிராமா எடை போட்டு, ரெக்கார்டு நோட்டுல கிராஃப் வரைஞ்சு... மண்ணோட அப்படி ஒரு தெய்வீக உறவு. ஆனா, இந்த மண்ணுல ஒரு விதை போட்டா முளைக்குமானு அந்த லேப்ல யாரும் கேட்டதில்லை. வைவாவுல கேட்டிருந்தா மொத்த பேட்ச்சும் காலி.

2025 ஜனவரியில ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச்ல அமெரிக்கா போனேன். நியூஜெர்சியில அக்கா வீட்டுல ஜாகை. 'அங்க கேம்பஸ் எப்படி இருக்குனு எழுதிட்டு வாம்மா'னு இந்தப் பத்திரிகையில சொல்லி அனுப்பினாங்க. நான் எழுதப் போறது ஒரு எல்.கே.ஜி-யைப் பத்தி. ஸாரி சார்! ஆனா அந்த அஞ்சு மாசத்துல நான் பார்த்ததிலேயே உருப்படியான 'பிராக்டிக்கல் கிளாஸ்' அங்கதான் நடந்தது.

அக்கா பையனுக்கு நாலு வயசு. அவன் போறது ஒரு யூத ப்ரீஸ்கூல். 'நம்ம பிள்ளை எப்படி அங்க?'னு கேட்கறீங்கதானே... அமெரிக்காவுல யூதர்களோட சமூகக் கூடங்களும் தொழுகைக் கூடங்களும் நடத்துற மழலையர் பள்ளிகள்ல நிறைய இடத்துல எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கறாங்க. அக்கா வீட்டுல இருந்து நடந்து போற தூரம். அவ்வளவுதான் காரணம். அவன் கிளாஸ்ல பதினாறு பேர். அதுல இவனையும் சேர்த்து அஞ்சு பேர் யூதர் கிடையாது.

யூதர்னதும் உங்க மனசுல எது ஓடும்னு எனக்குத் தெரியும். 2023 அக்டோபருக்குப் பிறகு காஸா போர் பத்தி நம்ம கேன்டீன்ல நடந்த சண்டைகள்ல நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். அந்தப் பேச்சை இங்கே இழுக்கலை. கம்பூட்ஸ் போட்ட நாலு வயசுக்காரங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. ஆனா, அவங்க பள்ளிக்கூடக் கதவுக்குச் சம்பந்தம் உண்டு. அதுக்குப் பிறகு வர்றேன்.

வாரத்துல ரெண்டு நாள் அவனைக் கூட்டிட்டு வர்றது என் டியூட்டி. முதல் நாளே அசந்துட்டேன். நகத்துக்குள்ள மண்ணு, முழங்கால்ல சேறு, காதுக்குப் பின்னாடி ஏதோ காஞ்ச இலை. 'விழுந்துட்டானா?'னு பதறினா, டீச்சர் கூலா சொன்னாங்க, 'இல்லையே, இன்னிக்கு வேலை ஜாஸ்தி!' டீச்சரை அங்க 'மோரா'னு கூப்பிடறாங்க. ஹீப்ரூ மொழியில ஆசிரியைனு அர்த்தம். 'அழுக்கானா பரவாயில்லைங்கிற உடுப்புலதான் அனுப்பணும்'னு வருஷ ஆரம்பத்துலயே பெற்றோருக்கு ஒரு காகிதம் வந்ததாம். நம்ம ஊர்ல டை கட்டி, ஷூவுக்குப் பாலீஷ் போட்டு அனுப்புறதை நெனைச்சுக்கிட்டேன்.

ஒருநாள் கொல்லைப்புறத் தோட்டத்துல இவன் களிமண்ணைப் பாம்பு பாம்பா உருட்டிட்டிருந்தான். உருட்ட உருட்ட உடைஞ்சுது. 'தண்ணி பத்தலை சித்தி'னு ஒரு சொட்டு விட்டுத் திரும்ப உருட்டினான். கொழகொழனு போச்சு. காஞ்ச மண்ணைக் கொஞ்சம் தூவினான். எனக்குச் சிலிர்த்துப் போச்சு. ஏன்னு சிவில் மக்களுக்குத் தெரியும். மண்ணை 3 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கயிறு மாதிரி உருட்டி, எந்த ஈரத்துல அது உடைய ஆரம்பிக்குதுனு பார்க்கற 'பிளாஸ்டிக் லிமிட்' டெஸ்ட் அது! எங்களுக்குச் செகண்ட் இயர்ல வந்துச்சு. இவனுக்கு ஸ்நாக்ஸ் டயத்துக்கு முன்னாடி வந்திருக்கு.

சும்மா விளையாட விடுறாங்கனு நெனைச்சுடாதீங்க. அந்த கிளாஸோட சிலபஸே யூதர்களோட காலண்டர்தான். அந்தக் காலண்டர் இருக்கே... அது ஒரு விவசாயியோட டைரி!

காரிடார்ல 2024 அக்டோபர்ல எடுத்த படங்களை ஒட்டியிருந்தாங்க. அது சுக்கோத் பண்டிகை. அறுவடை முடிஞ்ச பிறகு ஒரு வாரத்துக்கு வெளியே குடிசை போட்டு, அதுல உட்கார்ந்து சாப்பிடணும். குடிசைக்குப் பேர் சுக்கா. நான் வெச்ச கண் வாங்காமப் படிச்சது அதோட கட்டட விதிகளைத்தான். குறைஞ்சது ரெண்டு சுவரும், மூணாவது சுவர்ல கொஞ்சமும் இருக்கணும். கூரை, நிலத்துல வளர்ந்து வெட்டி எடுத்த செடிகொடிகளாலதான் இருக்கணும். தகரம், தார்ப்பாய் செல்லாது. உயிரோட நிக்கிற மரத்தோட நிழலும் செல்லாது. உள்ளே வெயிலைவிட நிழல் கூடுதலா இருக்கணும். அதே சமயம், ராத்திரியில கூரை வழியா நட்சத்திரம் தெரியற மாதிரி போடறது வழக்கம். உயரத்துக்குக்கூட 20 முழம்னு உச்சவரம்பு இருக்கு. அதுக்கு மேல போனா அது தற்காலிகக் குடிசை இல்லையாம். பில்டிங் கோட் தோத்துச்சு போங்க!

குழந்தைங்க சோளத்தட்டையை இழுத்துட்டு வந்து கூரை போட்டாங்களாம். நம்மாளு அந்தப் படத்துக்குக் கீழ நின்னு எனக்கு வகுப்பெடுத்தான். 'நட்சத்திரம் தெரியணும் சித்தி. தெரியலைன்னா ஓட்டை போடணும்.' மழை வந்தா? 'நனையும். வீட்டுக்குள்ள ஓடணும்.' இவ்வளவு தெளிவா எங்க ஸ்ட்ரக்சர்ஸ் சார்கூடச் சொன்னதில்லை.

பிப்ரவரி 13, வியாழக்கிழமை. 'து பிஷ்வாத்'. ஷ்வாத் மாசத்துப் பதினஞ்சாம் நாள். மரங்களோட புத்தாண்டு! அன்னிக்கு வீட்டுல இருந்து ஒருத்தர் வந்து கூடமாட உதவலாம்னாங்க. அக்காவுக்கு ஆபீஸ். அத்தான் ஊர்ல இல்லை. நான் போனேன்.

இந்த நாளோட கதை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆரம்பத்துல இது பண்டிகையே இல்லை. கணக்கு முடிக்கிற தேதி! விளைச்சல்ல ஒரு பங்கை அளக்கணும்னா இந்தப் பழம் எந்த வருஷக் கணக்குல சேரும்னு தெரியணுமே? மரம் நட்டு முதல் மூணு வருஷக் காயைச் சாப்பிடக் கூடாதுனும் ஒரு விதி. அப்ப மரத்துக்கு வயசு ஏற ஒரு தேதி வேணும். நமக்கு ஏப்ரல் 1 நிதியாண்டு மாதிரி. சுமார் 1,800 வருஷத்துக்கு முன்னாடி தொகுத்த மிஷ்னாங்கற சட்டத் தொகுப்புல, 'ஷ்வாத் மாசம் முதல் நாளா, பதினஞ்சா?'னு ரெண்டு குருகுலங்கள் வாதாடினது பதிவாகியிருக்கு. பதினஞ்சு ஜெயிச்சுடுச்சு. பள்ளிப் பிள்ளைங்க அன்னிக்கு மரம் நடற வழக்கம் 1890-ல வந்தது. ஸேவ் யாவெத்ஸ்ங்கற வாத்தியார் ஸிக்ரோன் யாக்கோவ்ங்கற ஊர்ல தன் மாணவர்களைக் கூட்டிட்டுப் போய் நட்டார். 1908-ல அங்கிருந்த ஆசிரியர் சங்கமே அதை எடுத்துக்கிச்சு.

சிக்கல் என்னன்னா... அந்த நாட்டுல அப்போ பாதாம் மரம் வெள்ளை வெளேர்னு பூத்து நிக்கும். நியூஜெர்சியில? ஜன்னலுக்கு வெளியே பனி கறுத்துப்போய்க் குவிஞ்சு கிடக்கு. மரமெல்லாம் குச்சி. தோட்டத்து மண்ணு கல்லு மாதிரி உறைஞ்சு போய், கடப்பாரை போட்டாலும் இறங்காது. இந்த நிலைமையில 'மரங்களுக்கு ஹேப்பி நியூ இயர்!'

மோரா இதை எப்படிச் சமாளிக்கப் போறாங்கன்னு பார்த்தேன். காகிதப் பூ வெட்டி ஒட்டிடுவாங்கனுதான் நினைச்சேன் (நம்ம ஊர் கிறிஸ்துமஸ் மரத்துல பஞ்சுப் பனி வைக்கிறோமே, அது மாதிரி!). ம்ஹூம். பிள்ளைங்களை ஜன்னலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வெளியே ஒவ்வொருத்தருக்கும் ஒரு மரம் உண்டு. ரிப்பன் கட்டி, மாசம் ஒரு தடவை வரையணும். நம்மாளோடது சிவப்பு மேப்பிள். 'பண்டிகை பிறந்த ஊர்ல இன்னிக்குப் பாதாம் பூக்குது. உங்க மரத்துல என்ன நடக்குது?'னு கேட்டாங்க. ஒரு குழந்தை 'ஒண்ணும் நடக்கலை'ன்னுது. 'சரி, ஒண்ணும் நடக்கலைன்னே வரைங்க.' அவ்வளவுதான்! பதினாறு குச்சி மரம் வரைஞ்சாங்க. எனக்கு இந்த நேர்மை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அங்க அப்படி, இங்க இப்படி. ரெண்டுமே நிஜம்.

ஜனவரியில அக்கா வீட்டுப் பொங்கல் ஞாபகம் வந்தது. கரண்ட் அடுப்புல குக்கர் பாத்திரம், சூப்பர் மார்க்கெட் கரும்பு, வெளியே மைனஸ் அஞ்சு டிகிரி. 'தை பிறந்தாச்சு, அறுவடை முடிஞ்சாச்சு'னு அக்கா சொல்லச் சொல்ல, இவன் ஜன்னலைப் பார்த்துட்டு 'எங்கம்மா அறுவடை?'னான். அக்கா பதில் சொல்லாம முந்திரியை வறுத்தா.

அடுத்து நடந்ததுதான் ஹைலைட். ஒரு பெரிய தாம்பாளம் நிறையப் பழம். பேரீச்சை, அத்தி, மாதுளை, திராட்சை, ஆலிவ், ஆரஞ்சு, ஸ்ட்ராபெர்ரி, வாழை, அன்னாசி. யூதர்கள் சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு நன்றி சொல்றாங்க. மரத்துல காய்ச்சதுக்கு ஒரு வாசகம், தரையில விளைஞ்சதுக்கு வேற வாசகம். எதுக்கு எதுனு தெரிஞ்சாத்தானே வாயைத் திறக்க முடியும்? ரெண்டு கூடை வெச்சாங்க. மரம், தரை. 'பிரிங்க!'

ஆரஞ்சு, மாதுளை ஈஸி. ஸ்ட்ராபெர்ரி தரைக்குப் போச்சு. திராட்சையில முதல் கலாட்டா. 'அது கொடி, மரமில்லை'னு பாதி கிளாஸ் நின்னுது. மோரா ஒரு காஞ்ச திராட்சைத் தண்டைக் கையில குடுத்தாங்க. கட்டையா இருக்கு. 'குளிர்காலம் போனதும் இதே தண்டுலதான் திரும்பத் துளிர்க்கும்.' அப்ப மரக் கூடை. அடுத்து வாழை. பதினாறு பேரும் ஒரே குரல்ல 'மரம்!' உயரமா இருக்கே, பின்னே?

தப்பாம்! வாழை தரைக் கூடைக்குப் போகணும். குலை தள்ளினதும் அந்தத் தண்டு முடிஞ்சுபோச்சு, கிழங்குல இருந்து புதுசாத்தான் வரணும். தண்டு வருஷா வருஷம் நின்னு காய்க்கலைன்னா அது மரமில்லை. தாவரவியலும் வாழையை மரம்னு ஒத்துக்காது. பல நூறு வருஷத்துக்கு முன்னாடி ரப்பிகள் உட்கார்ந்து யோசிச்சு வந்து சேர்ந்த இடமும் பாட்டனி புத்தகமும் வாழை விஷயத்துல கை குலுக்கிக்குது. பப்பாளிக்கு மட்டும் ரப்பிகளுக்குள்ள இன்னும் ஒத்த கருத்து இல்லையாம். வாழையடி வாழையா வாழ்த்துற ஊர்ல பிறந்துட்டு நான் இதை ஒரு பிளாஸ்டிக் கூடை முன்னாடி உட்கார்ந்து யோசிச்சேன் பாருங்க.

அன்னிக்குக் கரோப்னு ஒரு காய் குடுத்தாங்க. புளியங்காய் மாதிரி கறுப்பா, தோல் செருப்பு மாதிரி விறைப்பா. கூடவே ஒரு தல்மூத் கதை. எழுபது வருஷம் கழிச்சுக் காய்க்கிற கரோப் மரத்தை ஒரு ஆள் நடறார். ஹோனிங்கறவர் போய், 'நீ இருந்து சாப்பிடுவியா?'ங்கறார். 'நான் வந்தப்ப முன்னோர் நட்டது இருந்துச்சு. நான் பின்னால வர்றவங்களுக்கு நடறேன்'ங்கறார் அந்த ஆள். கதை முடிஞ்சதும் பக்கத்துப் பிள்ளை கேட்டது: 'அந்த எழுபது வருஷமும் அவங்க ஸ்நாக்ஸுக்கு என்ன சாப்பிட்டாங்க?' செம!

கடைசியா விதை. வெளியே நட வழியில்லாததால அமெரிக்க யூதப் பள்ளிகள்ல ஒரு வழக்கம் உண்டு. மரப் புத்தாண்டு அன்னிக்கு காகிதக் கப்புல பார்ஸ்லி விதைப்பாங்க. ரெண்டு மாசம் கழிச்சு வர்ற 'பெசாக்' பண்டிகை விருந்துல ஒரு பச்சிலையை உப்புத் தண்ணியில தொட்டுச் சாப்பிடணும். அந்த இலையை அவங்களே வளர்த்துக்கறாங்க. பார்ஸ்லி நம்ம கொத்தமல்லியோட குடும்பம். முகத்துல அதே ஜாடை. குணம் மட்டும் நேரெதிர். மல்லி பத்துப் பன்னெண்டு நாள்ல எட்டிப் பார்க்கும். பார்ஸ்லி? மூணு வாரம், நாலு வாரம்னு நம்மளை அழவிடும்.

நாலு வயசுக்காரனுக்கு மூணு வாரம்னா என்னன்னு யோசிங்க. நமக்கு அரியர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கற மாதிரி, அதைவிட மோசம். தினமும் காலையில கப்பைப் பார்ப்பான். 'இல்லை.' சுவர்ல ஒரு காகிதத்துல 'இல்லை'னு ஒரு வட்டம் போடணும். இல்லை, இல்லை, இல்லை... பத்தொன்பதாம் நாள் ஒருத்தன் கப்புல பச்சை நூல் மாதிரி ஏதோ தெரிஞ்சிருக்கு. ஸ்கூலே அதிர்ந்துச்சாம். நம்மாளோடது இருபத்தோராம் நாள். ரெண்டே ரெண்டு முளை. 'எனக்கு ரெண்டு! ரெண்டு!'னு வீடு வரைக்கும் கத்திட்டே வந்தான்.

ஒரு சின்னப் பொண்ணோட கப் மட்டும் அப்படியே இருந்தது. எங்க ஊரா இருந்தா டீச்சரே ராத்திரியோட ராத்திரியா ஒரு முளையை மாத்தி நட்டிருப்பாங்க. அவளோட அம்மாவே அதைத்தான் கேட்டாங்களாம். மோரா மாட்டேன்னுட்டாங்க. அவளையே விரல் விட்டுத் தோண்டச் சொல்லி, கிடைச்ச விதையைப் பூதக்கண்ணாடியில காட்டினாங்க. ஈரத் துணியில சுத்தி, திரும்பப் புதைச்சாங்க. நல்லதா கெட்டதானு எனக்கு அப்போ சொல்லத் தெரியலை. அந்தப் பொண்ணு ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வெச்சிருந்தா.

இப்போ அந்தக் கதவு.

அந்தப் பள்ளிக்கூட வாசல்ல துப்பாக்கியோட ஒரு காவலர் நிப்பார். ரெண்டு பூட்டுக் கதவு. என் போட்டோவும் பேரும் லிஸ்ட்ல இருந்தாத்தான் பிள்ளையைத் தருவாங்க. 2018 அக்டோபர் 27 அன்னிக்குப் பிட்ஸ்பர்க்ல ஒரு யூதத் தொழுகைக் கூடத்துல ஒருத்தன் சுட்டு 11 பேர் செத்தாங்க. அதுக்குப் பிறகு இந்த மாதிரி இடங்கள்ல இதெல்லாம் கூடிக்கிட்டே வந்திருக்கு. மார்ச் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அக்காவுக்கு போன். பள்ளிக்கு ஒரு மிரட்டல் மெயில் வந்திருக்கு, பிள்ளைங்களைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாத்தியாச்சு, வந்து கூட்டிட்டுப் போங்க. நானும் அக்காவும் ஓடினோம். வளையம் வெச்ச ஒரு நீளக் கயிற்றை ஆளுக்கொரு வளையமாப் பிடிச்சுக்கிட்டு வரிசையா உட்கார்ந்திருந்தாங்க. பயிற்சினு சொல்லிவெச்சிருக்காங்க. இவன் சந்தோஷமா இருந்தான். அக்கா கைதான் நடுங்கிச்சு.

போலீஸ் தேடிப் பார்த்ததுல ஒண்ணுமில்லை. ஆனா, எட்டு நாள் யாரையும் தோட்டத்துக்கு விடலை. அது பட்டாணி விதைக்கிற வாரம். நியூஜெர்சியில மார்ச் நடுவுல மண் இளகினதும் முதல்ல போடறது பட்டாணிதான். குளிரைத் தாங்கும். குழந்தைங்க மொச்சு மொச்சுனு கேட்டுட்டே இருந்திருக்காங்க. 'மண்ணு இளகிடுச்சே, ஏன் போகலை?' என்ன பதில் சொல்றது? 'இன்னும் கொஞ்ச நாள்'னுட்டு, மோரா தொட்டி தொட்டியா மண்ணை உள்ளே கொண்டுவந்தாங்க. வெளியே மேப்பிள் அந்த வாரம்தான் சிவப்பாப் பூக்க ஆரம்பிச்சுது. இவன் அதை ஜன்னல் வழியாத்தான் வரைஞ்சான்.

எங்க வீட்டுல பெரிய விவாதம். அடுத்த வருஷத்துக்குப் பணம் கட்ட மாசக் கடைசி கெடு. 'வேற ஸ்கூல் பார்ப்போம். பிள்ளையைவிட எதுவும் பெருசில்லை'ன்னார் அத்தான். அவர் சொன்னதுல தப்பே இல்லை. திருநெல்வேலியில இருந்து அவரோட அம்மா, அதாவது இவனோட ஆச்சி, முதல் நாள்ல இருந்தே கட்சி. 'வேதக்காரவ பள்ளிக்கூடம்னா தெரியும். இது என்னம்மா புதுசா? பிள்ளைய அவங்க ஆளாக்கிருவாவளோ?' யூதர்கள் பொதுவா மதம் மாத்தத் தேடிப் போறவங்க இல்லைனு அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தா. இப்போ மிரட்டல் விஷயம் வேற காதுக்குப் போயிடுச்சு. கேட்கணுமா!

அக்கா ரெண்டு பள்ளி போய்ப் பார்த்தா. நானும் கூடப் போனேன். ரெண்டும் பளபளனு இருந்துச்சு. ஒண்ணுல டச் ஸ்க்ரீன்ல இலையை இழுத்து மரத்துல ஒட்டற விளையாட்டு. கீழே ரப்பர் தரை. 'வெளியே மண் இருக்கா?'னு அக்கா கேட்டதுக்கு, 'மண்ணா? இங்கே ரொம்பச் சுத்தம்'னு பெருமையாச் சொன்னாங்க.

அந்த மோராகிட்ட ஒருநாள் நேரடியாவே கேட்டேன். இவ்வளவு பயத்துக்கு நடுவுல எதுக்கு இந்தத் தோட்ட வேலையெல்லாம்? அவங்க தத்துவம் எதுவும் பேசலை. இஸ்ரேல்ல ஸ்தே எலியாஹுங்கற கிப்புட்ஸ்ல மல்கா ஹாஸ்னு ஒரு ஆசிரியை, பழைய டயர், உடைஞ்ச ஏர், குழாய், பலகைனு நிஜச் சாமான்களைக் குவிச்சு, 'ஓட்டை ஒடைசல் முற்றம்'னு குழந்தைங்களுக்கு அமைச்சுக் குடுத்ததைச் சொன்னாங்க. பொம்மைக் கருவி இல்லை, நிஜக் கருவி. 'நிஜமான வேலையைக் குடுத்தா குழந்தை நிஜமாப் பழகும். எட்டு நாள் பொறுத்துட்டோம். திங்கட்கிழமை பட்டாணி போடறோம்'னு சொல்லிட்டு மண் தொட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. வேலியை உயர்த்தியிருந்தாங்க. திங்கட்கிழமை போட்டாங்க.

ஏப்ரல் 10. பெசாக் ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கிளாஸ்ல ஒத்திகை விருந்து. இந்தப் பண்டிகை வசந்தத்துலதான் வந்தாகணும்னு விதி. நிலவு மாசம் பன்னெண்டைக் கூட்டினா 354 நாள்தான் வரும். வருஷத்துக்குப் பதினோரு நாள் குறையும். விட்டா பண்டிகை நழுவி நழுவிக் குளிர்காலத்துக்குப் போயிடும். அதனால 19 வருஷத்துல ஏழு தடவை ஒரு மாசத்தைக் கூடுதலாச் சேர்த்துக்கறாங்க. நம்ம தெலுங்கு, கன்னட நண்பர்கள் வீட்டுல 'அதிக மாசம்'னு சொல்வாங்களே, அதே டெக்னிக்.

அன்னிக்குக் கையில கோதுமை மாவு. வெள்ளிக்கிழமைதோறும் இவங்க ஈஸ்ட் போட்டு, பொங்கவிட்டு, ஜடை பின்னி 'ஹல்லா' ரொட்டி செய்யறவங்க. பெசாக்ல எதிர்ப்பாட்டு. மாவுல தண்ணி பட்டதுல இருந்து 18 நிமிஷத்துக்குள்ள சுட்டு எடுத்துடணும். அதுக்கு மேல போனா பொங்க ஆரம்பிச்சதா அர்த்தம். செல்லாது. எகிப்துல இருந்து அவசர அவசரமாக் கிளம்பின கதையோட ஞாபகம் அது. ஸ்டாப் வாட்சை ஒரு குட்டிப் பையன்கிட்ட குடுத்தாச்சு. அவன் போட்ட கூச்சல் இருக்கே... எங்க லேப்ல சிமென்ட் செட்டிங் டைம் பார்க்கறப்பகூட இவ்வளவு டென்ஷன் கிடையாது. சுட்டது பதினாறுலயும் பாதி தீய்ஞ்சுது. எல்லாரும் தின்னாங்க.

பிறகு பச்சிலை. ஆளாளுக்குத் தன் கப்புல இருந்து ஒரு இலையைக் கிள்ளி, உப்புத் தண்ணியில முக்கணும். அந்த உப்பு, அடிமையா இருந்தவங்களோட கண்ணீர்னு சொன்னாங்க. அந்தச் சின்னப் பொண்ணோட கப்புல அன்னிக்கும் ஒண்ணுமில்லை. 'யார்கிட்ட கூடுதலா இருக்கு?'னு மோரா பொதுவாக் கேட்டாங்க. எங்க வீட்டு ராஜா கப்பை ரெண்டு கையால மூடிக்கிட்டான். ரெண்டு செடிதானே, அவன் கவலை அவனுக்கு! வேற ஒருத்தன் ஒரு இலையைக் கிள்ளிக் குடுத்தான். ஒண்ணரை வாரம் கழிச்சு, பண்டிகை லீவெல்லாம் முடிஞ்ச பிறகு, அவ கப்புல ஒரே ஒரு முளை வந்தது. அதை அவ யாரையும் தொடவிடலை.

அக்கா மாசக் கடைசிக்கு ரெண்டு நாள் முன்னாடியே பணத்தைக் கட்டிட்டா. அத்தானுக்கு இன்னும் முழு மனசில்லை. காலையில விட்டுட்டு, கார்ல கால் மணி நேரம் வாசல்லயே உட்கார்ந்திருந்துட்டுத்தான் ஆபீஸ் போறார்.

நான் ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின ஞாயிறு, வீடியோ கால்ல ஆச்சி. வழக்கம்போல 'என்னல படிச்ச?'னு ஆரம்பிச்சாங்க. இவன் நேரா விஷயத்துக்கு வந்துட்டான்.

'ஆச்சி, வாழை மரமா, தரையா?'

'என்னது?'

அக்கா விளக்கினா. ஆச்சிக்கு ஒரு நொடிகூட ஆகலை. 'அது எங்க மரம்? குலை வெட்டினதும் தடியையும் சாய்ச்சிருவோம்லா. அடியில கன்னு நிக்கும், அதைப் பிரிச்சு வெப்போம். மரம்னா ஒரே கால்ல நிக்கணும்யா. எங்கய்யா கடனா நதிப் பாசனத்துல ரெண்டு கோட்டை விதைப்பாட்டுல வாழை போட்டவரு, எனக்குத் தெரியாதா?' அவ்வளவுதான். நாப்பது நிமிஷம். ஏத்தனுக்கு எத்தனை மாசம், காத்தடிச்சா எப்படி முட்டுக் குடுக்கணும், சருகை ஏன் உரிக்கணும்... கல்யாணமாகி அத்தனை வருஷத்துல அத்தைகிட்ட இருந்து இதெல்லாம் நான் கேட்டதே இல்லைன்னா அக்கா. இவன் காகிதம் எடுத்து ஏதோ கிறுக்கிக்கிட்டே இருந்தான். பிறகு அவனும் தன் சரக்கை அவிழ்த்தான். குடிசை, ரெண்டரைச் சுவர், நட்சத்திரம்.

'கூரைக்கு என்ன ஓலை போட்டாவ?'

'சோளத்தட்டை, ஆச்சி.'

'சோளத்தட்டையா! அது காத்துக்கு நிக்குமா? அந்த ஊர்ல பனை கிடையாதோ? டீச்சரைக் கேட்டுச் சொல்லு.'

'நாளைக்குக் கேக்கறேன்'னான்.